கல்லுண்டாய் வெளியில் ஒரு கொண்டென்சர்

வாகனம் திருத்துகிற வேலை பழக வந்திருக்கிற பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கதையுங்கோ என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் போயின்ற் வைத்த எஞ்சினைக் கையால் தொட்டே இருக்கமாட்டீர்கள். நீங்கள் ஒரு கருவியைச் செருகினால் எஞ்சினே தனக்கு எங்கே நோகிறது என்று சொல்லிவிடுகிறது. நல்ல விஷயம். பழைய கார்களின் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒரு கோயிலிலும் நேர்த்தி வைக்கவில்லை. மாரி மழையில் நனைந்தபடி பொனற்றுக்குள் தலையை விட்டு, ஈரமான டிஸ்ரிபியூட்டரைச் சாரத்தலைப்பால் துடைத்தவன் எவனும் அப்படி நேர்ந்துகொள்ள மாட்டான்.

ஆனால் அந்தப் பழைய எஞ்சினுக்குள் ஒரு அதிசயம் இருந்தது. இத்தனை வருஷம் பார்த்தும் அது எனக்குப் பழகவில்லை.

பற்றரியில் இருப்பது பன்னிரண்டு வோல்ற். விரலால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. அந்தச் சாதுவான மின்சாரம் கொயில் என்கிற சுருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். போயின்ற் என்று நாங்கள் சொல்கிற இரண்டு சின்ன முனைகள், நகத்தின் தடிப்பளவுக்கு விலகும். விலகியதும் ஓட்டம் அறுகிறது. அறுந்த கணத்தில் அதே சாதுவான மின்சாரம் பல ஆயிரம் வோல்ற்றாக எழும்பி, பிளக்கின் நுனியில் நீலப் பொறியாகப் பாய்கிறது. நிறுத்தும்போதுதான் நெருப்புப் பிறக்கிறது. எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு செக்கனிலும் இது எத்தனையோ தடவை நடக்கும். அந்த ஓட்டத்தைத் துப்புரவாக அறுத்துக் கொடுப்பதற்கு ஒரு துணை வேண்டும். அதுதான் கொண்டென்சர். பெருவிரலின் ஒரு கணு அளவில் ஒரு தகர உருளை, அதிலிருந்து வெளியே வருகிற ஒற்றை வயர். அவ்வளவுதான். அது செத்துப்போனால் மின்சாரம் போயின்ற் முனையிலேயே எரிந்து வீணாகும். பிளக்கில் பொறி மஞ்சளாகிச் சோர்ந்துவிடும், அல்லது வராமலே போகும். கொண்டென்சர் சொல்லிக்கொண்டு சாவதில்லை. காலையில் நன்றாக இருக்கும். பத்துக் கட்டைத் தூரம் ஓடிச் சூடானதும் போய்விடும்.

இதை எப்படி மாற்றுவது என்று நான் உங்களுக்குப் படிப்பிக்க வரவில்லை. வழியில் நின்றுபோன ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் அடிக்கிற செட்டில் தொடங்கும் வரிசை அடுத்த ஊருக்குள் போய் முடியும். வாகனங்கள் வீட்டுக்கு வீடு முடங்கிக் கிடந்தன. நான் அப்போது கார் திருத்துகிற கராச்சைக் கைவிட்டு வீட்டில் இருந்தேன். ஓய்வுபெற்ற எனக்கு அந்த வருஷம்போல வேலை வந்ததே இல்லை. ஏனென்றால் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டலாம். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் அப்படித்தான் ஓடியது. கார்பரேற்றர் வாய்க்குள் ஒரு மிடறு பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பொறி விழுகிற நேரத்தையும் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அடித்துக்கொள்ளும். இந்த வேலை தெரிந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் என்னைத் தேடி வந்தார்கள்.

வட்டுக்கோட்டையில் தியாகு என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர். அவரிடம் ஒரு பழைய கேம்பிறிட்ஜ் கார் இருந்தது. கலியாணம், சாமத்தியம் என்று ஊரில் எது நடந்தாலும் அந்தக் கார் போகும். மற்ற நாட்களில் வெங்காயம் ஏற்றும். இறைப்பு மெசினுக்கென்று வாங்கி வைத்த மண்ணெண்ணெய் கொஞ்சம் இருக்கிறது, காரை அதற்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார். ஒரு காலையில் சைக்கிளில் போய் வேலையைத் தொடங்கினேன். போயின்ற்றைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இடைவெளியைச் சரி செய்தேன். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி நேரத்தைப் பிந்த வைத்தேன். போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பினோம். மண்ணெண்ணெயில் அது ஒருமாதிரி இருமினாலும் ஓடியது. தியாகுவின் முகத்தில் ஒரு சிரிப்பு.

அப்போதுதான் பின்பக்கத் தோட்டத்திலிருந்து அவருடைய மனைவி மலரின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ... இஞ்சை ஒருக்கா வாங்கோ. என்னைப் பாம்பு கடிச்சுப் போட்டுது."

தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் அந்தக் குரல் இருந்தது. நாங்கள் ஓடிப் போனபோது, புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பாத்தியின் வரம்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. அதிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்தது.

"கண்ணாடிப் புடையன்," என்றார் மலர். "வடிவாக் கண்டனான். உதைத் தேடி அடிக்க நிக்காதேங்கோ. என்னைத் தூக்குங்கோ."

தியாகு தோளில் கிடந்த துவாயால் காலை இறுக்கிக் கட்டப் போனார். "கட்டாதை தியாகு. காலை ஆட்டாமல் வைச்சாக் காணும்," என்றேன். அம்புலன்சுக்கு ரெலிபோன் எடுத்தோம். கிட்டடியில் இருந்த வண்டி வேறொரு நோயாளியோடு தூரத்துக்குப் போயிருந்தது. காத்திருப்பதா, போவதா? முற்றத்தில் கேம்பிறிட்ஜ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தியாகு மலரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீ பின்னுக்கு ஏறி அவவைப் பிடி. நான் ஓட்டுறன்," என்றேன்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கென்று அராலி கடந்து கல்லுண்டாய் வெளிக்குள் இறங்கினோம். அந்த வெளி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல்நீர். மறுபக்கம் உப்புப் படிந்த தரை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அது சோளகக் காற்று வீசுகிற காலம். காற்று காரையே பக்கவாட்டில் தள்ளியது. நான் வேகத்தைக் கூட்டாமல், எஞ்சினின் சத்தத்தைக் காதால் பிடித்தபடி ஓட்டினேன். வெளியின் நடுவில் எஞ்சின் ஒருமுறை விக்கியது. பிறகு பட் பட்டென்று பின்னுக்கு வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை. ஓடின வேகத்தில் கார் கொஞ்சத் தூரம் உருண்டு, தெருவோரத்தில் நின்றது.

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளைகளே, அந்த மாதிரி நேரத்தில் கை தானாகப் பொனற்றுக்குப் போகும். நாங்கள் பழகியது அப்படி. நான் பொனற்றைத் திறக்குமுன் ரெலிபோனை எடுத்தேன். அம்புலன்ஸ்காரருக்கு நாங்கள் நிற்கும் இடத்தைச் சொன்னேன். தாங்கள் திரும்பிக்கொண்டிருக்கிறோம், ஆனால் கொஞ்ச நேரம் எடுக்கும், நோயாளியை ஆட்டாமல் வைத்திருங்கோ என்றார்கள். அந்த வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வழியைத் தேடப் போனேன். காருக்குள் ஒரு மனிசி இருக்கிறா, அவதான் முதல், கார் இரண்டாவது. வழியில் நிற்கிற எந்த வண்டியிலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

எண்ணெய் வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது. கொயிலிலிருந்து வருகிற தடித்த வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்து, போயின்ற்றைத் திருப்புளியால் தட்டினேன். பிளக்குக்குப் போகவேண்டிய பொறி வரவில்லை. ஆனால் போயின்ற் முனைகளுக்கு நடுவில் தடித்த மஞ்சள் நெருப்பு ஒன்று சீறியது. காலையில் வெள்ளிபோல இருந்த முனைகள் கரியாகிக் கிடந்தன. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. கொண்டென்சர்.

என்னுடைய பையில் பிளக் இருந்தது, போயின்ற் இருந்தது. கொண்டென்சர் இல்லை. அந்த வருஷம் கடைகளிலும் இல்லை. எதுவும் கப்பலில் வராத காலம்.

தியாகு காருக்குள்ளிருந்து கத்தினார். "அண்ணை, என்னண்டு சொல்லுங்கோ! ஓடுமோ, ஓடாதோ?"

நான் பதில் சொல்லுமுன் மலர் கதைத்தார். கண் இமைகள் பாரமாகி அரைவாசிக்கு இறங்கியிருந்தன. கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. பல் ஈறில் இரத்தம் தெரிந்தது.

"அவரைக் குழப்பாதேங்கோ," என்றார் புருஷனிடம். பிறகு என்னிடம், "அண்ணை, ஆறுதலாப் பாருங்கோ. கை நடுங்கினால் ஆணி கீழை விழுந்திடும். நானும் ஒண்டும் ஆடேல்லை, நீங்களும் ஆடாதேங்கோ."

போயின்ற்றைப் பிடிக்கிற ஆணி நெல்மணி அளவுதான். அந்தக் காற்றில், அந்த மணலில் விழுந்தால் தேடி எடுக்கமுடியாது. காலையில் நான் வேலை செய்தபோது அவர் தேத்தண்ணியோடு வந்து ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவ்வளவுதான். விஷம் ஏறிக்கொண்டிருந்த உடம்போடு அவர் என்னுடைய கையைப் பற்றி யோசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையில் இருந்த பதற்றமும் அடங்கியது.

அந்த வெளியில் வாகனம் என்று ஒன்று வரவில்லை. சைக்கிள்காரர் சிலர் நின்று பார்த்தார்கள். அவர்களால் என்ன செய்யமுடியும்? ஒருவர் மட்டும் முன்னால் போய் யாரையாவது மறிக்கிறேன் என்று எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போனார்.

நாவாந்துறைப் பக்கமிருந்து ஒரு மோட்டச்சைக்கிள் வந்தது. பழைய சீ நைன்ரி. பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புக் கூடு ஒட்டி, அதற்குள் மீன்பெட்டி. பெட்டியின் ஓரத்தால் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காக்கைதீவில் மீன் எடுத்து வட்டுக்கோட்டைப் பக்கம் விற்கப் போகிற ஆள். நாற்பது வயது இருக்கும். தலையில் துவாய் கட்டியிருந்தார். கழுத்தில் மாதா படம் கோத்த கறுப்பு நூல்.

கையைக் காட்டுமுன்பே நிறுத்தினார். காருக்குள் ஒருமுறை பார்த்தார்.

"பாம்போ?"

"ஓம் தம்பி. புடையன்."

"ஏத்துங்கோ, நான் கொண்டு போறன்," என்றார். சொன்ன பிறகுதான் தன்னுடைய வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் உட்கார இடமே இல்லை. கூடு ஒட்டினபடி. மலருக்கோ கழுத்தே நிற்கவில்லை. அப்படி ஒரு ஆளை மோட்டச்சைக்கிளில் வைத்துக் கொண்டு போனால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நானும் அவருடைய வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது போயின்ற் வைத்த வண்டி. அதன் பக்க மூடிக்குள்ளும் ஒரு கொண்டென்சர் இருக்கும். காரில் இருப்பதும் மோட்டச்சைக்கிளில் இருப்பதும் அளவில் ஏறத்தாழ ஒன்றுதான்.

கேட்க வாய் வரவில்லை. மூடிய பெட்டிக்குள் ஒரு மனிதனின் நாட்கூலி ஐஸோடு உருகிக்கொண்டிருக்கிறது. அவருடைய வண்டியை மணல்வெளியில் சாகடித்துவிட்டுப் போக வேண்டும் என்று எப்படிக் கேட்பது? ஆனால் கேட்டேன். கேட்கும்போது ஒன்றையும் மறைக்கவில்லை. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஒருவரிடம் உதவி கேட்டால், அவருக்கு வரப்போகிற நட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பாதியைச் சொல்லி வாங்கும் உதவி களவுக்குச் சமம்.

"தம்பி, உம்மடை சைக்கிளிலை இருக்கிற ஒரு சின்னச் சாமானைக் கழட்டி இந்தக் காருக்குப் போட்டால், கார் ஓடக்கூடும். ஓடாமலும் விடலாம். ஆனால் கழட்டினால் உம்மடை சைக்கிள் இந்த இடத்தை விட்டு அசையாது. நான் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் எண்டு சொல்லேலாது. மீன் பழுதாய்ப் போகும்."

நான் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்குமுன் அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பக்கம் ஐயா? கெதியாக் கழட்டுங்கோ."

அவ்வளவுதான். மீன்பெட்டியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவரே மூடியை இழுத்துத் திறந்தார். நான் கொண்டென்சரைக் கழற்றினேன். காரில் பழையதின் வயரை விலக்கிவிட்டு, கொயிலைப் பிடிக்கிற இரும்புப் பட்டியின் ஆணியைத் தளர்த்தி, கழற்றி எடுத்ததை அதற்குக் கீழே வைத்து இறுக்கினேன். அதன் வயரைப் போயின்ற்றுக்குப் போகிற முனையில் கொழுவினேன். போயின்ற்றின் கரியைச் சுரண்டித் துடைத்தேன்.

இனிப் பார்க்க வேண்டும். ஆனால் நல்ல வெயில். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் காற்றில் கேட்காது. மீன்காரர் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து விரித்து எங்கள் இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தார். அந்தத் துவாய்க்குக் கீழே சின்ன இருட்டு. மீன் வெடுக்கும் மண்ணெண்ணெய் மணமும் மூக்கில் ஏறின. நான் தடித்த வயரை இரும்புக்குக் கிட்டப் பிடித்துப் போயின்ற்றைத் தட்டினேன்.

டக்.

நீலம். ஊசிபோல, நேராக, குளிர்ந்த நீலம்.

"மாதாவே!" என்றார் அந்த மனிதர், மூச்சுக்குள்.

நான் எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பொறியைப் பார்த்திருப்பேன்! அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தவன்போல ஆகிவிட்டேன். ஒரு மனிதர் தன் வண்டியின் உயிரை எடுத்து நீட்ட, அது இன்னொரு வண்டிக்குள் போய்ப் பொறியாக எழும்புகிறது. கோயிலில் தீபம் காட்டும்போது சனம் ஏன் கையெடுக்கிறது என்று எனக்கு அந்தத் துவாய்க்குக் கீழே விளங்கியது.

வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நின்றிருந்த நேரத்தில் அது ஆறிவிட்டது. ஆறின எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. ஒரு மிடறு பெற்றோல் வேண்டும். எங்களிடம் இருந்தது காலையிலேயே முடிந்துவிட்டது.

அந்த வருஷம் பெற்றோலைக் கேட்பது இரத்தம் கேட்பதுபோல. வரிசையில் படுத்துக் கிடந்து வாங்கியது. இதை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. நான் கார்பரேற்றரின் மூடியைக் கழற்றுவதைப் பார்த்தவுடனேயே அவர் தன்னுடைய வண்டியின் பெற்றோல் ரியூப்பை இழுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் மூடியை அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு வேணும்?"

"ரண்டு மூடி காணும்."

"மூண்டாய் விடுங்கோ," என்றார்.

மூன்று மூடி பெற்றோலும் கார்பரேற்றர் வாய்க்குள் போயிற்று. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை உறுமியது. அடங்கப் பார்த்தது. காலால் மெல்ல ஏந்திப் பிடித்தேன். பிறகு அது தன் மூச்சைக் கண்டுபிடித்துக்கொண்டது.

மீன்காரர் தெருவில் நின்றபடி கையால் காட்டினார்: போ, போ.

ஆஸ்பத்திரி வரைக்கும் நான் வேறொன்றையும் பார்க்கவில்லை. மலர் கதைப்பதை நிறுத்தியிருந்தார். பின்னால் தியாகு அவருடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் ஒரு காதையும், எஞ்சினுக்காக மற்றக் காதையும் வைத்திருந்தேன். வழியில் ஒரு மேடு பள்ளம் வந்தபோது அந்த "ம்" வரவில்லை. தியாகு இன்னும் உரத்துக் கூப்பிட்டார். அதற்கு வந்தது. நாவாந்துறை ஒழுங்கைகளில் சனம் எங்கள் ஹோர்ன் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கியது. அம்புலன்சுக்கு எடுத்து நாங்கள் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லுமாறு தியாகுவிடம் சொன்னேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். கார் வாசலில் நிற்கும்போது தள்ளுவண்டி தயாராக நின்றது.

மலர் பிழைத்தார். இரண்டு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகம் சோர்ந்து, இரத்தம் சுத்தம் செய்கிற மெசினில் போட்டு, பெரிய பாடு. இன்றைக்கும் மழை நாட்களில் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஆனால் வெங்காயப் பாத்திக்குள் இறங்காமல் இருந்தாரா என்றால், இல்லை. ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்.

அது பிறகு. அன்றைக்குப் பின்னேரம், மருந்து ஏற்றத் தொடங்கி, இரத்தக் கசிவு கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று டொக்ரர் சொன்ன பிறகு, தியாகுவை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். எஞ்சினை ஆறவிடப் பயந்து, வாசல் காவலாளியிடம் கெஞ்சி, இடையிடையே போய் ஓடவிட்டு வைத்திருந்தேன். அந்த மனிதர் இன்னும் அங்கே நிற்பாரா? மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருந்தால் அவரை எங்கே தேடுவது? நான் அவருடைய பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

வெளிக்குள் இறங்கும்போதே தூரத்தில் கண்டேன். சீ நைன்ரி அதே இடத்தில் நின்றது. காற்றுக்கு மறைவாக அதன் பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். வழியால் போன சைக்கிள்காரர்களைக் கூப்பிட்டு, வந்த விலைக்கு மீன் விற்றிருக்கிறார். பாதிக்கு மேல் போகவில்லை. மிச்சத்தைக் கத்தியால் கீறி, சாக்கை விரித்து வெயிலில் காயப்போட்டிருந்தார். ஒட்டி மீனும் ஓரா மீனும் வரிசையாகக் கிடந்தன.

நான் கதவைத் திறக்குமுன் அவர் எழும்பி ஓடி வந்தார்.

"அக்கா எப்பிடி?"

"மருந்து ஏறுது. கண் முழிச்சுப் பாக்கிறா. டொக்ரர்மார் பாத்துக்கொள்ளுவினம்."

அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அப்படியே மணலில் குந்திவிட்டார். மீன் விற்ற நேரமெல்லாம் அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு அங்கே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைத் துவாயால் அழுத்தித் துடைத்தார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"தம்பி," என்றேன், "ஒண்டு கேக்கிறன். நான் ஆர் எண்டு உமக்குத் தெரியாது. அவ ஆர் எண்டும் தெரியாது. ஒரு கணம்கூட யோசிக்கேல்லையே நீர்?"

அவர் என்னை விளங்காதமாதிரிப் பார்த்தார். கேள்வியே பிழை என்பதுபோல.

"இதிலை யோசிக்க என்ன ஐயா இருக்கு? கடலிலை ஒருத்தன்ரை மெசின் நிண்டால், முதல் காணுறவன் கயிறு எறியோணும். வலை கிடந்தாலும் விட்டிட்டு எறியோணும். அது எங்கடை ஞாயம்." கையால் சுற்றிவரக் காட்டினார். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வெள்ளைத் தரை, மேலே காற்று. "உது தரைதான். ஆனா பாருங்கோ, இதுக்கும் கடலுக்கும் என்ன வித்தியாசம்? நான்தானே முதல் கண்டனான்."

நான் கேம்பிறிட்ஜிலிருந்து கொண்டென்சரைக் கழற்றத் தொடங்கினேன். அவர் தடுத்தார். "வைச்சிருங்கோ. அக்காட்டைப் போய் வரவேணுமே. நான் உருட்டிக்கொண்டு போவன்." நான் கேட்கவில்லை. ஊரில் ஓடாமல் கிடக்கிற வண்டிகளிலிருந்து ஒரு கொண்டென்சரைக் கழற்றிக் காருக்குப் போடலாம், நாளைக்கு நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டார். பெயர் அருளப்பு என்றார். காக்கைதீவில் கேட்டால் எவரும் வீட்டைக் காட்டுவார்கள் என்றார். பிறகு நான் போனேன், தியாகு போனார், மலர் எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவரும் போனார்.

சீ நைன்ரியின் பக்க மூடிக்குள் கொண்டென்சரைப் பழைய இடத்திலேயே பூட்டினேன். அருளப்பு ஒரு உதை உதைத்தார். எழும்பிவிட்டது. காயப்போட்ட மீனைச் சாக்கோடு சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என்னையும் செத்துப்போய் நிற்கிற காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி நீங்கள் என்னண்டு போறது?"

"ஆரும் வருவினம். நீர் போம். வீட்டிலை தேடுவினம்."

"ஆரும் வராட்டில்?"

"வருவினம்," என்றேன்.

அவர் போன பிறகு எஞ்சின் சத்தம் காற்றில் கரைந்து முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். நீரேரியில் வெயில் சாய்ந்து கிடந்தது. தரையிலிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று காற்றுக்கு எதிராக எழும்பி, முன்னேற முடியாமல் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நின்றது. காரின் பின்கதவைத் திறந்து, மலர் படுத்திருந்த இருக்கையின் ஓரத்தில் இருந்தேன். பொறி இல்லை, பெற்றோல் இல்லை, போவதற்கு வழி இல்லை. வழியில் நின்றுபோன எத்தனையோ வண்டிகளுக்குள் நான் இருந்திருக்கிறேன், பிள்ளைகளே. அவ்வளவு நிம்மதியாக ஒன்றிலும் இருந்ததில்லை.